வாரச் சம்பளம் ஒருத்தருக்கு, மாசச் சம்பளம் ஒருத்தருக்கு: எந்த வரவு செலவு ஆப் போடலாமுங்க?

நொய்யல்கரை | ஞாயிறு, இரவு 9.10

வணக்கமுங்க. திருப்பூர் பக்கம். நான் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில அக்கவுண்ட்ஸ்ல இருக்கறேன். சம்பளம் 22,000, அஞ்சாந்தேதி பேங்குல ஏறிரும். என்ற வீட்டுக்காரர் டெய்லர், பீஸ் ரேட். சனிக்கிழமை சாயங்காலம் கையில காசா வரும். ஆர்டர் ஓடற வாரம் 5,500 வரைக்கும், ஓடாத வாரம் 2,000 தேறுனாலே பெருசு. மாமியார் ரெண்டு மாடு வச்சிருக்காங்க, பத்து நாளைக்கு ஒருக்கா பால் காசு. வாடகை 7,500, ஏலச்சீட்டு 5,000, ரெண்டு பசங்க படிக்கறாங்க.

கம்பெனிக் கணக்குல அம்பது பைசா இடிச்சா உக்காந்து கண்டுபிடிக்கறவ, என்ற வீட்டுக் கணக்குல மாசம் நாலாயிரம் எங்க போச்சுன்னு தெரியாம முழிக்கறேன். மூணு ஆப் போட்டுப் பாத்தாச்சு. முதல்ல போட்டது என்ற போன்ல மட்டுந்தான் நிக்குது, அவரு பாக்க முடியாது. ரெண்டாவது, பேங்க் பேரைத் தேடுனா அமெரிக்கா பேங்கா வருது. மூணாவது அவரு போன்ல எஸ்எம்எஸ் படிக்கற ஆப். நான் அவருக்கு 3,000 ஜிபே பண்ணுனா அதை ‘வருமானம்’னு போட்டுக்குது. அந்தக் கணக்குப்படி நாங்க பணக்காரங்க.

என்றது ஐபோன், பழசு வாங்குனது. அவரது ஆண்ட்ராய்டு. ரெண்டு பேரும் பாக்கோணும். காசு கட்டற ஆப்புன்னா வருசம் ஆயிரத்துக்குள்ள இருக்கோணும். எதைப் போடறதுங்க?


சரவணம்பட்டி_சர்வர் | 9.26

ஆட்டோமேட்டிக் தவிர வேற எதையும் யோசிக்காதீங்க. கையால டைப் பண்ற ஆப் எல்லாம் மூணு வாரம். நானே ஒரு தடவை ஆரம்பிச்சு பத்தொன்பதாவது நாள் விட்டேன், அதுக்கப்புறம் அந்த ஆப்பைத் திறக்கவே வெக்கமா இருந்துச்சு. எஸ்எம்எஸ் படிக்கற ஆப் போடுங்க, யுபிஐ, கார்டு, இஎம்ஐ எல்லாம் தானா வந்து உக்காந்துக்கும். வருமானக் குழப்பம் செட்டிங்ஸ் பிரச்சனை. அந்த வரவை ‘சொந்தப் பரிமாற்றம்’னு ஒரு தடவை குறிச்சு விட்டா அடுத்த தடவை தானா புரிஞ்சுக்கும்.


தறிச்சத்தம் | 9.41

சர்வர் தம்பி, கேள்வியை முழுசாப் படிச்சீங்களா? அந்தப் புள்ளைகிட்ட இருக்கறது ஐபோன். ஐபோன்ல வர்ற எஸ்எம்எஸ்ஸை எந்த ஆப்புக்கும் ஆப்பிள் காட்டாது. ஆண்ட்ராய்டுலயே 2019ல இருந்து கூகுள் கெடுபிடி. எல்லா ஆப்பும் எஸ்எம்எஸ்ல கை வைக்கக் கூடாதுன்னு நிறுத்தி, பணக்கணக்குப் பாக்கற ஆப் மாதிரி சிலதுக்கு மட்டும் விலக்கு குடுத்தாங்க. ஆக, வீட்டுல பாதிப் பேருக்கு வேலை செய்யாத ஒண்ணைச் சொல்றீங்க.


சரவணம்பட்டி_சர்வர் | 9.48

சரி, ஐபோன் கவனிக்கல. தப்பு என்னுது. ஆனா கொள்கை மாறல.


மஞ்சமண்டி | 10.05

ஈரோட்டுல மஞ்சள் கமிசன் மண்டியில 31 வருசமாக் கணக்கு எழுதறேன். ஆப்புக்கு விரோதி இல்லீங்க, மண்டிக் கணக்கும் இப்பக் கம்ப்யூட்டர்லதான். ஆனா ‘தானா எழுதிக்கும்’னு சொன்னா சிரிப்பு வருது. தானா எழுதிக்கற கணக்கை எவனும் தானாப் படிக்க மாட்டான்.

நாலு டீயை நாலு தடவை கையால எழுதற ஆளு அஞ்சாவது டீக்குக் கடைக்குள்ள நுழையறப்பக் கொஞ்சம் ரோசிப்பான். போன் அதைத் தானா வாங்கிக்கிட்டு மாசக் கடைசியில வட்டப் படம் போட்டுக் காட்டுனா, ‘ஓ, டீக்கு 900 ரூவாயா’ன்னு பாத்துட்டு மூடி வச்சிருவான். அடுத்த மாசம் 950.


சரவணம்பட்டி_சர்வர் | 10.14

ஐயா, கணக்கு எழுதறது உங்க தொழில், அதுக்கு உங்களுக்குச் சம்பளம். இவங்க எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து தோசை ஊத்திட்டே டீக்காசு டைப் பண்ணணுமா? எழுத விட்டுப்போன கணக்கும் பொய்க் கணக்குதானே?


மஞ்சமண்டி | 10.22

விட்டுப்போனா இருப்பு இடிக்கும். இடிச்சாத் தெரிஞ்சிரும். உங்க எஸ்எம்எஸ் கணக்குல என்ன விட்டுப்போச்சுன்னே தெரியாது. அதுதான் வித்தியாசம்.

நம்ம பக்கம் மளிகைக் கடை கியூஆர் பாதிக்கு மேல கடைக்காரர் சொந்தப் பேர்லதான் ஒட்டியிருக்குது. ஆப்புக்கு அது மளிகையா, கைமாத்தா? யுபிஐ லைட்ல (சின்னச் சின்னச் செலவுக்குன்னு முன்னாடியே காசு ஏத்தி வச்சுக்கறது) கட்டறது ஒவ்வொண்ணாப் பாஸ்புக்குல வராது, லைட்டுக்குக் காசு ஏத்துனது மட்டுந்தான் ஒத்தை வரியா நிக்கும். ஒரு பெரிய தனியார் வங்கி 2024 ஜூன் 25ல இருந்து நூறு ரூவாய்க்குக் கீழ அனுப்புற யுபிஐக்கு எஸ்எம்எஸ்ஸே நிறுத்திருச்சு. கிரெடிட் கார்டுல தேய்ச்சா ஒரு செலவு, அந்தப் பில்லைக் கட்டுனா இன்னொரு செலவுன்னு ரெட்டையா ஏறும். சனிக்கிழமை கையில வர்ற காசு? அதுக்கு எஸ்எம்எஸ் எங்கிருந்து வரும்?


நொய்யல்கரை | 10.31

கார்டு விசயம் அப்படியே நடந்துச்சுங்க. போன மாசம் கிரைண்டர் வாங்குனது ஆப்புல ரெண்டு கிரைண்டர்.


வெள்ளைமுட்டை | 10.33

ஒண்ணு நமக்கு அனுப்பீருங்க அக்கா. நாமக்கல்தான், பஸ்சுல போட்டு விட்டாப் போதும்.


தறிச்சத்தம் | 10.58

இப்ப நான் சொல்றதைக் கேட்டா ரெண்டு பேருமே திட்டுவீங்க. தானாவா, கையாலயாங்கறது ரெண்டாங்கேள்வி. நடந்து முடிஞ்சதைக் காட்டற ஆப்பா, வரப்போறதுக்குக் காசு ஒதுக்கற ஆப்பா, அதுதான் மொதக் கேள்வி.

எனக்குச் சோமனூர்ல எட்டுத் தறி. கூலி நெசவு. பாவு ஓடுனாக் காசு, ஓடாட்டி இல்ல. மாசம் இவ்வளவுன்னு பட்ஜெட் போடற ஆப் எனக்கு ஆவறதில்ல, ஏன்னா அதெல்லாம் ஒண்ணாந்தேதி முழுச் சம்பளம் வர்ற ஆளுக்குத் தச்ச சட்டை. நான் மாறுனது ஒய்நாப்னு (YNAB) ஒரு பட்ஜெட் ஆப்போட வழிக்கு. 2004ல ஒரு அமெரிக்கக்காரர் வீட்டுக்குன்னு போட்ட எக்செல் தாளா ஆரம்பிச்சது. அதுல வரப்போற காசைக் கணக்குலயே சேக்கக் கூடாது. கையில இருக்கற ஒவ்வொரு ரூவாய்க்கும் ஒரு சோலி சொல்லி விட்டுரோணும். சனிக்கிழமை 4,800 வந்தா, 1,900 வாடகைக்கு, 1,250 சீட்டுக்கு, மிச்சம் மளிகைக்கு. அடுத்த சனிக்கிழமை 2,000தான் வந்தா, அந்த 2,000த்தை மட்டும் பிரிக்கோணும்.

கோளாறு விலையில. வருசம் 109 டாலர். நம்ம காசுக்கு ஒம்பதாயிரத்துக்கு மேல. இந்திய பேங்க் எதுவும் அதுல சேராது, எல்லாம் கையாலதான் போடோணும். சும்மா பாக்கறதுக்கு 34 நாள் குடுக்கறாங்க. அதே வழியில இலவசமா ஓடறது ஆக்சுவல் பட்ஜெட், 2022ல மூல நிரலைத் தொறந்து விட்டுட்டாங்க, யாரு வேணா எடுத்து ஓட்டிக்கலாம். நான் இப்ப அதுலதான். ஆனா ரெண்டு போன்ல ஓடோணும்னா நம்மளே ஒரு சர்வர், அதாவது எப்பவும் ஓடற கம்ப்யூட்டர் ஒண்ணு, வைக்கோணும்.


சரவணம்பட்டி_சர்வர் | 11.07

டீக்காசு டைப் பண்றதே பாரம்னு நான் சொன்னா, நீங்க தோசைக்கல்லுக்குப் பக்கத்துல சர்வர் வைக்கச் சொல்றீங்க.


தறிச்சத்தம் | 11.12

வழியைத்தான் சொன்னேன், பொட்டியை இல்ல. இப்படி ஒவ்வொரு செலவுக்கும் ஒரு கவர்னு காசைப் பிரிச்சு வைக்கற முறையில குட்பட்ஜெட்னு ஒரு ஆப் இருக்குது. ஐபோன், ஆண்ட்ராய்டு ரெண்டுலயும் வரும். இலவசத்துலயே ரெண்டு போன் சேரும், கவர் எண்ணிக்கை மாதிரி சிலதுக்கு வரம்பு. மாசத்துக்குப் பதிலா வாரம்னும் வச்சுக்கலாம். இலவசத்துல பேங்கைத் தொடாது, எஸ்எம்எஸ் பாக்காது. அழகு கம்மி. நம்ம ஊருல சனிக்கிழமை சம்பளக் கவரை வாங்கி வந்து, அம்மா அதையே கிழிச்சுப் பிரிச்சு முடிஞ்சு வைக்குமே, அதேதான்.

இன்னொண்ணு. வருசத்துக்கு 52 சனிக்கிழமை. மாசத்துக்கு நாலுன்னு நெனச்சு ஓட்டுனா 48. மிச்சம் நாலு சனிக்கிழமை அஞ்சு வாரம் வர்ற மாசங்கள்ல ஒளிஞ்சிருக்குது. வாரம் 4,500ன்னு வச்சாலே 18,000. மாசக் கணக்கு ஆப்புல அது ‘இந்த மாசம் நல்ல மாசம்’னு தெரியும், உடனே பிரியாணியாப் போயிரும். வாரக் கணக்குல அது ஜூன் மாசத்துப் பள்ளிக்கூட ஃபீஸ்.


நொய்யல்கரை | 11.20

இந்த 18,000 கணக்கை ரெண்டு தடவை போட்டுப் பாத்தேனுங்க. சரியாத்தான் வருது. பத்து வருசமா எங்களுக்குத் தெரியல பாருங்க.


சரவணம்பட்டி_சர்வர் | திங்கள், காலை 8.15

நைட்டு யோசிச்சேன். எஸ்எம்எஸ்ல ஓட்டை இருக்குன்னு ஒத்துக்கறேன். ஆனா அது பழைய வழி. இப்ப அக்கவுண்ட் அக்ரிகேட்டர் இருக்கு. 2021 செப்டம்பர் 2ல இருந்து ஓடுது, ரிசர்வ் பேங்க் உரிமம் குடுத்த கம்பெனிங்க. நீங்க சம்மதம் குடுத்தா உங்க பேங்க் கணக்கு விவரம் பூட்டுப் போட்டு நேரா ஆப்புக்குப் போகும். நடுவுல இருக்கற கம்பெனியே அதைத் திறந்து பாக்க முடியாது. பாஸ்வேர்டு குடுக்க வேண்டாம், எத்தனை நாளைக்குன்னு நீங்களே சொல்லலாம், எப்ப வேணா ரத்து பண்ணலாம். ஐபோன்லயும் வேலை செய்யும்.


மஞ்சமண்டி | 8.52

அந்த விவரத்தை வாங்கிக்கற ஆப் யாருன்னு சொல்லலையே தம்பி? ரிசர்வ் பேங்க், பங்குச் சந்தையைப் பாக்கற செபி, காப்பீட்டு ஆணையம், பென்சன் ஆணையம், இவங்க கட்டுப்பாட்டுல பதிவு பண்ணுன நிறுவனந்தான் வாங்க முடியும். வெறும் வரவு செலவு ஆப் எழுதற சின்னக் கம்பெனி நேரா வாங்க முடியாது. அப்ப அந்த வாசல்ல நிக்கறது யாரு? பெரும்பாலும் கடன் குடுக்கறவன், ஃபண்டு விக்கறவன், இன்சூரன்ஸ் விக்கறவன்.

எஸ்எம்எஸ் ஆப் கதையும் அதேதான். வால்நட்னு ஒண்ணு நல்லாத்தான் ஓடுச்சு. 2018ல அதைக் கடன் குடுக்கற கேப்பிடல் ஃப்ளோட் வாங்குச்சு, பொறகு பேரே ஆக்ஸியோன்னு ஆயிப்போச்சு. மணிவியூ ஆரம்பிச்சதும் வரவு செலவு ஆப்பாத்தான், இன்னைக்குக் கடன் கம்பெனி. குத்தம் சொல்லல, இலவசமாக் கணக்கு எழுதிக் குடுக்கறவனுக்கும் சம்பளம் எங்கிருந்தாச்சும் வரோணுமில்ல. என்ற மருமகன் போட்டிருந்த வேறொரு ஆப், அவனுக்கு இருப்பு குறைஞ்ச அன்னைக்குத்தான் ‘80,000 வரை உடனடிக் கடன்’னு மணி அடிக்கும். மண்டியில எங்க கணக்குப் புஸ்தகத்தை வட்டிக்கு விடறவன் கையில குடுத்து எழுதச் சொல்ல மாட்டோம்.


சரவணம்பட்டி_சர்வர் | 9.10

கடன் குடுக்கறது குத்தமா? உங்க மண்டியே விவசாயிக்கு முன்பணம் குடுத்துத்தானே மஞ்சளை வரவைக்குது? கடன் ஆப்புங்க போன்ல இருக்கற காண்டாக்ட், போட்டோ, கால் லிஸ்ட்டைத் தொடக் கூடாதுன்னு 2022 செப்டம்பர்லயே ரிசர்வ் பேங்க் விதி போட்டாச்சு. விளம்பரம் வந்தா மூடிட்டுப் போக வேண்டியதுதான்.


மஞ்சமண்டி | 9.31

முன்பணம் குடுக்கறோம். ஆமா. அதனாலதான் அதோட ருசி எங்களுக்குத் தெரியும்.


மட்டறுத்துநர் | 9.40

பரிந்துரை லிங்க் போட்ட ரெண்டு பதிவை எடுத்திருக்கேன். ஆப் சேத்து விட்டா 50 ரூபாய் வாங்கற சோலி இங்க வேண்டாம். மஞ்சமண்டி ஐயாவும் சர்வரும் ஒருத்தர் தொழிலை ஒருத்தர் இழுக்காமப் பேசுங்க.


பொள்ளாச்சி_இளநி | பகல் 1.05

எல்லாரும் பேங்க் பாக்குது, கம்பெனி பாக்குதுன்னு பயப்படறீங்க. வீட்டுக்காரர் பாக்கறதைப் பத்தி ஒருத்தரும் பேசலியே?

நாங்களும் ரெண்டு போன்ல சேத்து ஒரு ஆப் போட்டோம். மொத மாசம் நல்லாத்தான் இருந்துச்சு. ரெண்டாவது மாசம் எங்கம்மாவுக்கு மாத்திரை வாங்க 1,200 அனுப்புனேன். ஆப் அவரு போன்ல ‘டிங்’குன்னுச்சு. அவரு ஒண்ணுஞ்சொல்லல, நல்ல மனுசன். ஆனா பக்கத்துல உக்காந்திருந்த மாமியார் ‘என்ன சத்தம்’னு கேட்டாங்க. அன்னைக்கு ராத்திரி சோத்துல உப்பு சரியில்ல, ரசத்துல புளி சரியில்ல.

எங்க அமுச்சிக்கு அரிசிப் பானைக்குள்ள ஒரு துணி முடிச்சு இருந்துச்சு. தேங்கா வித்த காசுல கொஞ்சம், எருமுட்டை வித்ததுல கொஞ்சம். அதுலதான் எங்கம்மாவுக்கு ஒரு சவரன் போட்டாங்க. சிறுவாடுன்னு பேரு. இந்த ஆப் செய்யறவங்களுக்கு அரிசிப் பானை தெரியாது. தங்கச்சி, ரெண்டு பேரும் பாக்கோணும்னு நீங்க கேட்டதை இன்னொருக்கா ரோசனை பண்ணுங்க.


மஞ்சமண்டி | 1.48

அம்மிணி, வருத்தம் புரியுது. ஆனா மறைச்சு வச்ச காசு கணக்குல வராட்டி எந்த ஆப் போட்டாலும் இடிக்கும். அவங்க கேக்கறதே அந்த நாலாயிரம் எங்கங்கறதுதான். அதுல ஆயிரம் அரிசிப் பானையில இருந்துச்சுன்னா?


பொள்ளாச்சி_இளநி | 1.55

இருந்தா இருந்துட்டுப் போகுது. உங்க மண்டி மொதலாளி எடுக்கற காசுக்கெல்லாம் உங்ககிட்ட ரசீது குடுக்கறாருங்களா?


மஞ்சமண்டி | 2.20

இல்லீங்க. குடுக்க மாட்டாரு.

நியாயமான கேள்வி, பதிலும் எங்க பேரேட்டுலயே இருக்குது. மொதலாளி கல்லாவுல இருந்து எடுத்தா ‘சொந்தப் பற்று’ன்னு ஒரு தலைப்புல எழுதுவோம். எவ்வளவுன்னு எழுதுவோம், எதுக்குன்னு எழுத மாட்டோம். இருப்பும் இடிக்காது, அவரு மானமும் போகாது. ஆப்புல அவங்களுக்கு ஒரு கவர், வீட்டுக்காரருக்கு ஒரு கவர், ரெண்டுக்கும் ‘சொந்தப் பற்று’ன்னு பேர். வாரம் ஐந்நூறு போட்டா அதோட வீட்டுக் கணக்கு முடிஞ்சுது. அக்கட்டால அவங்க டீ குடிச்சாலும் சரி, அம்மாவுக்கு அனுப்புனாலும் சரி, எவரும் கேக்கக் கூடாது.


பொள்ளாச்சி_இளநி | 2.34

நல்ல ரோசனைங்க ஐயா. ஆனா அது கைச்செலவுக் காசு. தெரிஞ்சு குடுத்தா அது சிறுவாடு இல்லீங்க.


தறிச்சத்தம் | 2.50

இதுக்கு மேல ஆப் பத்திப் பேசறதே தப்புன்னு தோணுது. இருந்தாலும் ஒண்ணு. எதைப் போட்டாலும் கணக்கை சிஎஸ்வி கோப்பா (எக்செல்லயும் தொறக்கற சாதாரணக் கோப்பு) வெளிய எடுக்க முடியுமான்னு மொதல்ல பாருங்க. அமெரிக்காவுல மின்ட்னு ஒரு ஆப், 2009ல 17 கோடி டாலருக்கு இன்ட்யூட்ங்கற கம்பெனி வாங்குனது, ஊரே அதுலதான் கணக்குப் பாத்துச்சு. 2024 மார்ச்சுல இழுத்து மூடிட்டாங்க. அவ்வளவு பெரிய கம்பெனி ஆப்புக்கே அந்தக் கதி.


வெள்ளைமுட்டை | 3.02

கூகுள் ஷீட் போதாதுங்களா? அதுலயும் ரெண்டு பேர் பாக்கலாமே.


நொய்யல்கரை | 3.15

பகல் பூரா எக்செல்தானுங்க. வீட்டுக்கு வந்தும் கட்டம் பாத்தாக் கண்ணுல பூச்சி பறக்கும்.


சரவணம்பட்டி_சர்வர் | இரவு 9.20

ஒரு கேள்வி. உங்க வீட்டுக்காரர் கையால டைப் பண்ணுவாரா? அவரு பண்ணலைன்னா மஞ்சமண்டி ஐயா, தறிச்சத்தம் அண்ணா ரெண்டு பேர் சொன்னதும் காத்துல போயிரும். பணம் கையில வர்றது அவருகிட்ட, செலவாகறதுல பாதி அவருகிட்ட. என் கட்சி தோத்திருக்கலாம், ஆனா இந்தக் கேள்விக்கு அவங்க ரெண்டு பேருமே பதில் சொல்லல.


மஞ்சமண்டி | 9.44

சொல்லலதான். எங்கூட்டுல நான் எழுதறேன். என்ற சம்சாரம் எழுதாது. 31 வருசமா.


நொய்யல்கரை | அடுத்த மாசம், ஞாயிறு, இரவு 8.30

நாலு சனிக்கிழமை ஆச்சுங்க, அதான் சொல்லீட்டுப் போலாம்னு வந்தேன். அந்தக் கவர் ஆப்பைத்தான் போட்டோம், வாரக் கணக்குல. மொத வாரம் அவரு ஒண்ணுமே எழுதல. ரெண்டாவது வாரம் சண்டை. மூணாவது வாரம் ஒரு வழி புடிச்சோம்: அவரு டைப் பண்ண வேண்டாம், செலவாகறப்ப எனக்கு வாட்ஸப்ல குரல்ல சொல்லி விட்டாப் போதும். ‘டீ பன்னு முப்பது, பெட்ரோல் இருநூறு’ன்னு பின்னாடி மிசின் சத்தத்தோட வருது. ராத்திரி நான் பத்து நிமிசத்துல ஏத்திருவேன். சர்வர் தம்பி, நீங்க கேட்டது சரியான கேள்வி.

நாலாயிரத்துல இரண்டாயிரத்து எழுநூறு புடிபட்டுருச்சு. அவரு கூட வேலை செய்யறவங்களுக்குக் குடுத்த கைமாத்து ஆயிரத்து ஐந்நூறு, ஆன்லைன்ல பசங்களுக்கு நான் வாங்குனது ஆயிரத்து இருநூறு. ரெண்டு பேருக்கும் பங்கு இருக்கறதால ரெண்டு பேருமே ஒண்ணும் பேசல. அஞ்சு சனிக்கிழமை வர்ற மாசத்துக்கு ‘ஜூன் ஃபீஸ்’னு ஒரு கவர் தொறந்து வச்சாச்சு. மாமியாரோட பால் காசை ஆப்புல சேக்கல. அவங்களே ‘என்ற மாட்டுக் காசு போனுக்குள்ள போக வேண்டாம்’னுட்டாங்க.

‘சொந்தப் பற்று’ கவர் ரெண்டும் போட்டோம், ஆளுக்கு வாரம் 300.

இளநி அக்கா, மீதி ஆயிரத்து முந்நூறு பத்தி இங்க எழுத மாட்டேனுங்க. அவரும் இந்த இழையைப் படிக்கறாரு.